ரெஜினாளின் பாதி

"பாதி ஜெபம் சொன்னா, ஆத்துமா பாதித் தூரமாவது கரையேறுமாம்மா?"

கேட்டவர் சிங்கராயர் வாத்தியார். வயது அறுபத்தாறு. கேட்கப்பட்டவள் அமலோற்பவம். அவளுக்கு நாற்பதுகூட இருக்காது.

கல்லறைத் தோட்டத்துச் சாவி அவளிடம்தான் இருக்கும். எந்த ஊர்க்காரி, எந்தத் தெருக்காரி என்று யாருக்கும் தெரியாது. பழைய பங்குச்சாமியார் காலத்தில் வந்தவள், வாசலை ஒட்டிய ஓட்டு அறையிலேயே தங்கிவிட்டாள்.

சாகக் கிடப்பவர்கள் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து உட்கார்ந்தால் உயிர் அடம்பிடிக்காமல் போய்விடும் என்று ஒரு பேச்சு. அதனாலேயே மற்ற நாளில் அவளை எதிரே கண்டால் ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. மனசு சரியில்லை என்றால் மட்டும் எல்லாரும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். ஊர்ப் புத்தி அப்படி.

அன்று அவள் மெழுகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். கல்லறைத் திருநாள் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எரிந்து மிஞ்சிய துண்டுகளையெல்லாம் பொறுக்கி வந்து, ஒரே சட்டியில் உருக்கி, புதுத் திரி போட்டு வார்ப்பாள். மேட்டுத்தெருக் கல்லறை மெழுகும் ஏரிக்கரைத் தெருக் கல்லறை மெழுகும் அந்தச் சட்டியில் ஒன்றாய்க் கிடப்பது ஊரறிந்த சங்கதிதான். யாரும் வாய் திறப்பதில்லை. அவள் வார்க்கும் மெழுகுவர்த்திபோல நின்று எரிவது எந்தக் கடையிலும் கிடைக்காதே.

"யாருக்குச் சொல்ற ஜெபம், வாத்தியாரய்யா?"

"என் வீட்டுக்காரிக்கு."

அவர் சொல்லத் தொடங்கினார். கல்யாணமான மறுநாளிலிருந்து அவரும் ரெஜினாளும் சாயங்காலம் சேர்ந்து ஜெபமாலை சொல்வார்கள். மரியாயை வாழ்த்துகிற முதல் பாதி அவருடையது. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்கிற பின்பாதி அவளுடையது. இப்படி ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும். முப்பத்தேழு வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்களில்கூட ஜெபமாலைக்கு மட்டும் பேச்சு உண்டு.

போன வருஷம் நவம்பரில் ரெஜினாள் போய்ச் சேர்ந்தாள். போவதற்கு முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். ஆண்டு திரும்புவதற்குள் தனக்காக ஒரு முழு ஜெபமாலை அவர் சொல்லவேண்டும். கோயிலில் கூட்டத்தோடு சொல்வதில் சேர்த்தி இல்லை, அவரே உட்கார்ந்து சொல்லவேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

இதென்ன பெரிய காரியம் என்று அவரும் சரி சொல்லிவிட்டார்.

ஆனால் நடந்தது வேறு. முதல் பாதியைச் சொல்வார். சொன்னதும் பழக்கதோஷத்தில் நிறுத்துவார். பதில் வராது. சரி, நாமே சொல்வோம் என்று வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். எழுத்து தெரிந்தது, குரல் எழும்பவில்லை. பெங்களூரிலிருக்கும் மகனைப் போனில் கூப்பிட்டுப் பின்பாதியைச் சொல்லச் சொன்னார். மூன்றாவது மணியில், ஆபீஸில் கூப்பிடுகிறார்கள் என்று அவன் வைத்துவிட்டான். ஏறக்குறைய ஒரு வருஷமாக ஜெபமாலையில் ஒரு மணிகூட முழுசாய் நகரவில்லை.

"இன்னும் பதினோரு நாள்தான் இருக்கும்மா. வாக்குத் தவறினவனா அங்க போய் அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அமலோற்பவம் சட்டியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஜெபத்தை எங்க வச்சுச் சொன்னீங்க?"

"வீட்லதான்."

"அவங்க வீட்லயா இருக்காங்க?"

வாத்தியார் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சாயங்காலம் நாலு மணிக்குக் கல்லறைக்குப் போங்க. உங்க பாதியைச் சொல்லுங்க. சொல்லிட்டுக் காத்திருங்க."

எதற்குக் காத்திருக்கவேண்டும் என்று கேட்டார். அவள் திரியை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

*

அந்த ஊரில் செத்த பிறகும் தெரு உண்டு.

கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர். இந்தப் பக்கம் மேட்டுத்தெருக்காரர்கள் படுத்திருப்பார்கள். அந்தப் பக்கம் ஏரிக்கரைத் தெருக்காரர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே சிலுவைதான், ஒரே சாமியார்தான், வாசல் மட்டும் வேறு வேறு.

சுவர் எழும்பி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆடு மாடு நுழையாமல் தடுக்கவேண்டும் என்று ஆயர் இல்லத்துக்கு மனு போயிற்று. மணிமணியான கையெழுத்தில் அதை எழுதியவர் சிங்கராயர் வாத்தியார். நூல் பிடித்து, சுவர் கோணாமல் வருகிறதா என்று வெயிலில் நின்று பார்த்தவரும் அவரேதான். சும்மா சொல்லக்கூடாது, சுவர் கோணவேயில்லை.

சுவர் முடிந்த அன்றைக்கு ரெஜினாள் ஜெபமாலையில் தன் பாதியைச் சத்தமாகச் சொல்லவில்லை. வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

அவளுக்கு இடம் கிடைத்தது கடைசி வரிசையில், அந்தச் சுவரை ஒட்டி.

*

முதல் நாள் தூறல். வாத்தியார் குடையை மடக்கி வைத்துவிட்டு முழங்கால் போட்டார். இடது முழங்கால் அவருக்கு ஆகாது. பாரத்தையெல்லாம் வலது காலில் போட்டுத்தான் ஊன்றுவார்.

முதல் பாதியைச் சொன்னார். நிறுத்தினார்.

பூவரச மரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு காக்கை எழுந்து போயிற்று. தோட்டத்தில் ஈ காக்கை இல்லை என்பார்களே, அப்படி ஆகிவிட்டது.

அப்போது பதில் வந்தது.

"அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..."

மெல்லிய குரல். ஆண் குரலா பெண் குரலா என்று பிரிக்க முடியவில்லை. ரொம்ப நாள் பேசாமல் இருந்தவர்கள் பேசினால் தொண்டை எப்படிக் கரகரக்கும், அப்படி இருந்தது. பின்பாதி முழுவதையும் ஒரு சொல் விடாமல் சொல்லி ஆமென் போட்டு நின்றது.

வாத்தியார் சட்டென்று தலையைத் தூக்கினார். சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"ரெஜினா, நீயா?"

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அதே குரல் சொன்னது.

"இங்கேதான் இருக்கேன்."

அன்றைக்கு அவரால் அடுத்த மணிக்குப் போக முடியவில்லை. சிலுவையைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். வீட்டுக்குப் போய் ஒரு வருஷத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் சவரம் செய்துகொண்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளை மிடுக்கு என்றுதான் சொல்லவேண்டும். இருபது மணி தடையில்லாமல் ஓடியது. பிறகு மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. முழு ஜெபமாலை என்றால் ஒரே மூச்சில் சொல்லவேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதனால் மூன்றாம் நாள் முதலிலிருந்து தொடங்கினார்.

அன்றைக்கு முப்பத்தோராவது மணியில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. குரலைக் கிட்டத்தில் கேட்கவேண்டும். குனிந்து சமாதியின் மேல் காதை வைத்தார்.

மண்ணுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

காதை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். சிலுவையில் வைத்தார். அங்கேயும் இல்லை. குரல் சிலுவைக்குப் பின்னால் இருந்து வந்தது. சுவரில் காதை வைத்தார்.

குரல் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

வாத்தியார் எழுந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தார். அவர் முதல் பாதி சொல்லவில்லை. சொல்லாமலே அவர் முதுகுக்குப் பின்னால் பின்பாதி வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வந்தது. போகிறவரைத் தேடுகிற மாதிரி, அவர் வாசலைத் தாண்டும்வரை வந்துகொண்டே இருந்தது.

*

"யாரோ என்னைக் கேலி பண்றாங்க" என்றார் அமலோற்பவத்திடம். அவருக்கு மூச்சு வாங்கிற்று.

"கேலி பண்ற மாதிரியா இருந்துது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேலியாக இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"என் பெஞ்சாதி அந்தப் பக்கம் எப்படிம்மா போவா? பெட்டியை இறக்கினப்போ நான் கூடவே நின்னேனே."

அவள் வார்த்த மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாய் வெயிலில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சுவரை எதுக்குக் கட்டினீங்க, வாத்தியாரய்யா?"

"ஆடு மாடு வராம இருக்க." இருபத்திரண்டு வருஷமாக யார் கேட்டாலும் சொல்லிச் சொல்லி அவருக்கு அது வாய்ப்பாடாகிவிட்டிருந்தது.

"வருதா?"

"இல்ல."

"அப்ப நல்ல சுவர்தான்" என்றாள் அவள்.

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஏழு நாள் கல்லறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்துக் குரலோடு சேர்ந்து நான் ஜெபம் சொல்வதா என்ற வீம்பு. பயமும்தான், இல்லையென்று சொல்ல முடியாது.

வீட்டில் உட்கார்ந்து தனியாகச் சொல்லிப் பார்த்தார். முதல் பாதி வந்தது. பின்பாதி வரவில்லை. ஏழு நாளும் வரவில்லை.

ரெஜினாளின் ஆண்டு நினைவுக்கு முதல் நாள் மத்தியானம் அவர் மறுபடி அமலோற்பவத்தின் வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் பக்கத்து வாசல் சாவியைக் குடும்மா. யாருன்னு பார்த்துடறேன்."

அவள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

"இது நம்ம பக்கத்துச் சாவியாச்சே."

"ரெண்டு பூட்டையும் ஜோடியா வாங்கிட்டு வந்தவர் நீங்கதானே. ரெண்டுக்கும் இதே சாவிதான்."

*

அந்தப் பக்கம் போகவேண்டுமென்றால் ஏரிக்கரைத் தெரு வழியாகத்தான் போகவேண்டும். அந்தத் தெருப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அவர்தான் பாடம் சொல்லிக்கொடுத்தவர். பேர் சொன்னால் அப்பன் பேர், பிறந்த தேதி எல்லாம் சொல்லிவிடுவார். தெருவில் கால் வைத்ததில்லை. பிறந்த ஊர்தான், அறுபத்தாறு வருஷம்.

குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒருத்தி சட்டென்று எழுந்து நின்றாள். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த மதலையம்மாள்.

"சார், வழி தவறி வந்துட்டீங்களா?"

அவர் குடையை ஆட்டிவிட்டு நடந்தார்.

சாவி திறந்துகொண்டது. உள்ளே மண்மேடுகள், மரச் சிலுவைகள், எட்டு பத்து சிமெண்டுச் சமாதிகள். ஆள் நடமாட்டம் இல்லை. மழை ஈரத்தில் அவர் காலடித் தடம் ஒன்றுதான் பதிந்தது.

சுவரைப் பார்த்தார். இந்தப் பக்கம் பூச்சு இல்லை. பூச்சு வேலையைத் தங்கள் பக்கத்தோடு நிறுத்தச் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. செங்கல் செங்கலாய்ப் பச்சையாக நின்றது.

ரெஜினாளின் சமாதிக்கு நேர் பின்னால் எந்த இடம் வரும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு போனார். போய்ப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

சுவரடியில் புல் முளைக்காத இடத்தில் இரண்டு பள்ளங்கள். யாரோ நாள்கணக்காய் முழங்காலில் இருந்த பள்ளங்கள். ஊரே சொதசொதவென்று நனைந்து கிடக்க, அவை இரண்டும் காய்ந்திருந்தன. குனிந்து கை வைத்தார். இப்போதுதான் எழுந்துபோன மாதிரி சூடாக இருந்தது.

வலது பள்ளம் ஆழம். இடது பள்ளம் மேலாக.

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். இருந்தாலும் வாத்தியார் அல்லவா, சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார். நின்றபடியே முதல் பாதியைச் சொன்னார்.

பதில் வந்தது. இந்தத் தடவை மேட்டுத்தெருப் பக்கத்திலிருந்து.

வாசலைக்கூடப் பூட்டாமல் வெளியே ஓடினார். குழாயடியைத் தாண்டி, கோயிலைச் சுற்றிக்கொண்டு, மூச்சிரைக்கத் தங்கள் வாசல் வழியாக உள்ளே வந்தார். ரெஜினாளின் சமாதி தனியாக இருந்தது. ஒருவரும் இல்லை. முதல் பாதியைச் சொன்னார்.

பதில் ஏரிக்கரைத் தெருப் பக்கத்திலிருந்து வந்தது.

அமலோற்பவத்தின் அறைக்கு வந்து சேர்ந்து படியில் உட்கார்ந்தார். அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். எந்தப் பக்கம் நின்றாலும் குரல் மறுபக்கத்தில் இருக்கிறது என்றார்.

"யாரும்மா அது? நீ சாவு பார்த்தவ. உனக்குத் தெரியும். சொல்லு."

"இத்தனை நாளும் நீங்கதானே ஆரம்பிச்சீங்க?"

"ஆமா."

"நாளைக்கு ஆரம்பிக்காம இருங்க."

"நான் எந்தப் பக்கம் இருக்கணும்?"

"பள்ளம் எந்தப் பக்கம் கிடக்கு?" என்றாள் அவள்.

*

மறுநாள் ஆண்டு. காலையில் ரெஜினாளுக்காகப் பூசை நடந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வாத்தியார் ஒரு பருக்கை தொடவில்லை. இன்று விட்டால் வாக்கு போயிற்று.

மூன்றரை மணிக்கு ஏரிக்கரைத் தெருவில் நடந்தார். மதலையம்மாள் எழுந்து நின்றாள். இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. வழியில் கிடந்த பாத்திரங்களை நகர்த்திவைத்தாள்.

பள்ளங்கள் காய்ந்தே இருந்தன. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலை இறக்கினார். வலது கால் ஆழமாகப் போய் உட்கார்ந்தது. இடது கால் மேலாக நின்றது. அளவெடுத்து வெட்டிய மாதிரி இருந்தது. ஓடிவிடலாமா என்று தோன்றியது. ரெஜினாளை நினைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

ஆரம்பிக்கவில்லை. ஜெபமாலையின் முதல் மணியை விரலில் பிடித்தபடி சும்மா இருந்தார். அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

கோயில் கடிகாரம் நான்கு அடித்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. முழங்கால் தரையில் ஊன்றுகிற சத்தம். ஒரு பெருமூச்சு.

பிறகு ஒரு குரல் முதல் பாதியைச் சொல்லத் தொடங்கியது.

மெல்லிய குரல். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. நடுவில் இரண்டு தரம் தடுக்கியது. ஒருவழியாக முதல் பாதியின் கடைசிச் சொல்வரை வந்து சேர்ந்தது.

அங்கே நின்றுபோயிற்று.

அந்த நிறுத்தம் வாத்தியாருக்குத் தெரியும். ஒரு வருஷமாக அவர் அதற்குள்ளேதான் குடியிருந்தார். நாக்கு எங்கே போய் ஒட்டும், தொண்டையில் எது வந்து அடைக்கும், காது எப்படி ஏங்கும், எல்லாம் தெரியும். அடப்பாவமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. யார் பெற்ற பிள்ளையோ, யாரைப் பறிகொடுத்ததோ.

அவர் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும். ஆமென்."

விரலுக்குள் மணி நகர்ந்தது.

அந்தப் பக்கம் விம்மல் கேட்டது. அடங்கிற்று. இரண்டாவது மணிக்கு முதல் பாதி வந்தது. இவர் பின்பாதியைச் சொன்னார். பத்து ஆயிற்று, இருபது ஆயிற்று. தூறல் விழுந்தது, நின்றது. முப்பத்தோராவது மணி தாண்டிற்று. நேரம் போகப்போக அந்தக் குரலுக்குத் தெம்பு வந்தது. இவர் குரலுக்கும் வந்தது. பச்சைச் செங்கலில் நெற்றியை வைத்துக்கொண்டு, ரெஜினாளின் பாதியை ஐம்பத்து மூன்று தரம் அவர் சத்தமாகச் சொல்லி முடித்தார்.

கடைசி ஆமெனுக்குப் பிறகு ஜெபமாலையின் சிலுவையை முத்தமிட்டார்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வாத்தியார் சுவரில் கையூன்றி எழுந்திருக்கப் போனார். அப்போது அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது. பயந்து பயந்து கேட்டது.

"பொன்னு, நீயா?"

பொன்னு என்று மேட்டுத்தெருவில் யாரும் இல்லை. ஏரிக்கரைத் தெருவிலும் இல்லை. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டவர், அவருக்குத் தெரியாதா? எந்த ஊர்ப் பொன்னுவோ, எந்தச் சாமியைக் கும்பிட்ட பொன்னுவோ.

நான் பொன்னு இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார்.

வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு மறுபடியும் அந்தப் பள்ளத்திலேயே முழங்காலை இறக்கி, உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.

"இங்கேதான் இருக்கேன்" என்றார்.